கேம் விளையாடுவது வேறு, உருவாக்குவது வேறு: கல்லூரி கேம் கிளப்பில் சேரலாமா?

முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கி சில வாரங்கள் ஆனதும் கல்லூரி வாட்ஸ்ஆப் குழுக்களில் கூகுள் படிவங்கள் வரிசையாக வந்து விழும். கோடிங் கிளப், ரோபாட்டிக்ஸ் கிளப், போட்டோகிராபி கிளப் என்ற அந்தப் பட்டியலில், தமிழ்நாட்டின் சில கல்லூரிகளில் இப்போது கேம் டெவலப்மென்ட் கிளப்பும் இருக்கிறது. மாணவர்கள் சேர்ந்து வீடியோ கேம் உருவாக்கும் குழு அது.

ஆனால், அதை வீட்டில் சொன்னால் பதில் வேறு மாதிரி வருகிறது. "கேம் விளையாடவா இவ்வளவு ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கிறோம்?"

1957-ல் தொடங்கப்பட்ட தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கும் திருப்பரங்குன்றத்தில் ஆகட்டும், அங்கிருந்து திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கம் விரியும் ஊர்களில் ஆகட்டும், பொறியியல் படிப்பு என்பது பல குடும்பங்களுக்குக் கடன் வாங்கிச் செய்யும் முதலீடு. நான்கு ஆண்டுகளில் ஒரு மாலை நேரம் எதற்குப் போகிறது என்பதுகூட அங்கே சின்ன விஷயம் கிடையாது. அதனால் பெற்றோரின் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிட முடியாது.

இன்னொரு பக்கம், 2026-27 மத்திய பட்ஜெட்டில் 15,000 உயர்நிலைப் பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைகளுக்கான ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. இந்தத் துறைக்கு 2030-க்குள் 20 லட்சம் பேர் தேவைப்படுவார்கள் என்பது பட்ஜெட் உரையில் சொல்லப்பட்ட கணிப்பு.

அரசு 'வாங்க' என்கிறது, வீடு 'வேண்டாம்' என்கிறது. இதற்கு நடுவில் நிற்கும் மாணவர் என்ன முடிவெடுப்பது? கேம் கிளப்பில் உண்மையில் என்ன நடக்கிறது, என்ன கிடைக்கும், எங்கே ஏமாற வாய்ப்பு இருக்கிறது? பார்க்கலாம்.

முதல் குழப்பம்: கேமிங்குக்குத்தான் தடை வந்துவிட்டதே?

வீட்டில் எழும் முதல் எதிர்ப்புக்கு ஒரு காரணம் செய்தித் தலைப்புகள். ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் கதைகளைத் தமிழ்நாடு பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்து, ஆன்லைன் விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை 2022-ல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அதற்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது.

அடுத்து, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 'ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2025'-ஐ நிறைவேற்றியது. சட்டத்தின் பெயரிலேயே 'ஊக்குவிப்பு' என்ற சொல் இருப்பதைப் பலர் கவனிக்கவில்லை. அந்தச் சட்டம் ஆன்லைன் கேம்களை மூன்றாகப் பிரிக்கிறது.

ஒன்று, இ-ஸ்போர்ட்ஸ். போட்டி விளையாட்டாக நடத்தப்படும் கேம்கள்.

இரண்டு, ஆன்லைன் சமூக விளையாட்டுகள். பொழுதுபோக்குக்காகவும் கற்றலுக்காகவும் விளையாடப்படுபவை.

மூன்று, ஆன்லைன் பண விளையாட்டுகள். அதாவது, திரும்பப் பணம் வரும் என்ற எதிர்பார்ப்பில் பணம் கட்டி விளையாடுபவை.

தடை மூன்றாவது வகைக்கு மட்டும்தான். அதை நடத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் இரண்டு வகைகளையும் ஊக்குவிக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது.

ஆக, ஒரு மாணவர் குழு புதிர் கேமோ, ஓடிக் குதிக்கும் கேமோ, கதை சொல்லும் கேமோ செய்வதற்கும் இந்தத் தடைக்கும் சம்பந்தமில்லை. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் எதையும் கிளப்பில் தொடக்கூடாது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

உலகின் ஆரம்பகால வீடியோ கேம் ஒன்று, மாணவர் கிளப்பில் பிறந்தது

மாணவர் கிளப்புக்கும் வீடியோ கேமுக்கும் உள்ள உறவு 60 ஆண்டுகளைத் தாண்டியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 'டெக் மாடல் ரயில்ரோடு கிளப்' என்று ஒன்று உண்டு. பொம்மை ரயில் பாதைகள் அமைக்கும் மாணவர்களின் சங்கம். ரயிலுக்கு சிக்னல் அமைக்கப்போய் மின்சுற்றுகளில் ஆர்வம் வந்து, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர்கள் அவர்களில் பலர்.

1961-ல் பி.டி.பி-1 என்ற கம்ப்யூட்டர் எம்.ஐ.டி.க்கு வந்தது. அதில் என்ன செய்து காட்டலாம் என்று யோசித்த கிளப் நண்பர்கள், இரண்டு விண்கலங்கள் சண்டையிடும் 'ஸ்பேஸ்வார்' என்ற கேமை 1962-ல் உருவாக்கினார்கள். முதலில் அதை எழுதியவர் ஸ்டீவ் ரஸ்ஸல்.

ஆனால் இன்று நினைவுகூரப்படும் 'ஸ்பேஸ்வார்' அவர் ஒருவரால் ஆனதில்லை. கணக்கீட்டுக்குத் தேவையான சைன், கோசைன் நிரல்களைத் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து வாங்கிவந்து கொடுத்தவர் ஆலன் கோடாக். பின்னணியில் உண்மையான வானத்தின் நட்சத்திரங்களை வைத்தவர் பீட்டர் சாம்சன். நடுவில் ஈர்ப்புவிசையோடு ஒரு சூரியனைச் சேர்த்தவர் டான் எட்வர்ட்ஸ். ஆபத்து வந்தால் சட்டென்று மறைந்து வேறு இடத்தில் தோன்றும் வசதியைச் சேர்த்தவர் மார்ட்டின் கிரேட்ஸ். கம்ப்யூட்டரின் சுவிட்சுகளைத் தட்டித்தட்டிக் கை வலித்ததால் தனியாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்தவர்கள் கோடாக்கும் பாப் சாண்டர்ஸும்.

இதில் ரஸ்ஸலுக்குப் பணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் எடுத்து வளர்த்து, மற்றவர்கள் விளையாடும் நிலைக்குக் கொண்டுவந்து முடிக்கும் அந்த முறைதான் இன்றுவரை கேம் கிளப்புகளின் அடிப்படை.

கிளப்பில் அப்படி என்ன கற்கலாம்? யூடியூபில் இல்லாததா?

நியாயமான கேள்வி. கேம் இன்ஜினைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் வீடியோக்கள் இலவசமாகக் கொட்டிக்கிடக்கின்றன. கோடிங் கற்க மட்டும் என்றால் கிளப் தேவையில்லை.

கிளப்பில் மட்டும் கிடைப்பது ஒன்று இருக்கிறது. மற்றவர்களோடு சேர்ந்து ஒரு வேலையை ஆரம்பித்து, அதை முடிப்பது.

கல்லூரி புராஜெக்ட் பெரும்பாலும் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான்கு பேர் குழுவில் ஒருவர் வேலை செய்வார், மூவர் பெயர் போடுவார்கள். வைவா முடிந்ததும் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கேமில் அப்படித் தப்பிக்க முடியாது. படம் வரைந்தவர் வேலையை முடிக்கவில்லை என்றால் திரை காலியாக நிற்கும். கோடிங்கில் தவறு இருந்தால், விளையாடுபவர் இரண்டு நிமிடத்தில் போனைக் கீழே வைத்துவிடுவார். மார்க் போடுவது பேராசிரியர் இல்லை, எதிரில் உட்கார்ந்து விளையாடும் வகுப்புத் தோழர்.

இந்தப் பயிற்சிக்கு உலகம் முழுக்கப் பயன்படும் வடிவம் 'கேம் ஜாம்'. ஒரு தலைப்பைக் கொடுத்து, பெரும்பாலும் 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் விளையாடக்கூடிய ஒரு கேமைச் செய்து முடிக்க வேண்டும். 'லுடம் டேர்' என்ற இணையவழி ஜாம் 2002 முதல் நடக்கிறது. 'குளோபல் கேம் ஜாம்' 2009 ஜனவரியில் 23 நாடுகளில் 53 இடங்களில் தொடங்கியது. இன்றும் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது.

இரண்டு நாளில் செய்த கேம் பெரும்பாலும் சுமாராகத்தான் இருக்கும். அதனால் தவறில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று முடிவெடுக்கும் பழக்கம் அதில்தான் வருகிறது. உலகப் புகழ்பெற்ற 'செலஸ்ட்' கேமின் முதல் வடிவம், இருவர் நான்கு நாட்களில் செய்த சின்ன கேம். முழு வடிவம் 2018-ல் வந்தது.

மாணவர் முயற்சி ஒன்று தொழிலாக மாறிய மிகப் பிரபலமான கதை 'போர்ட்டல்'. அமெரிக்காவின் டிஜிபென் கல்வி நிறுவன மாணவர்கள் 2005-ல் 'நார்பாகுலர் டிராப்' என்ற கேமைச் செய்தார்கள். சுவரில் ஒரு வாசல் திறந்து வேறு சுவர் வழியாக வெளியே வரும் யோசனைதான் அதன் மையம். கல்லூரியில் நடந்த வேலைவாய்ப்புக் கண்காட்சியில் அதைப் பார்த்த வால்வ் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்தது. 2007-ல் அதே யோசனை 'போர்ட்டல்' ஆக வெளிவந்தது.

இப்படி நடப்பது அபூர்வம். ஆனால் அந்த நிறுவனம் எதைப் பார்த்து முடிவெடுத்தது என்பது எல்லோருக்கும் பொருந்தும். அவர்கள் பார்த்தது மதிப்பெண் பட்டியலையோ சான்றிதழையோ இல்லை. முடிந்து, விளையாடும் நிலையில் இருந்த ஒரு கேமை.

கோடிங் தெரியாதவர் சேரலாமா?

தாராளமாக. ஒரு சின்ன கேமுக்கே குறைந்தது ஐந்து விதமான வேலைகள் இருக்கின்றன.

- வடிவமைப்பு: விதிகள் என்ன, எப்போது கஷ்டமாக வேண்டும், எப்போது பரிசு தர வேண்டும் என்று முடிவு செய்வது.
- கோடிங்: அந்த விதிகளை இயங்க வைப்பது.
- ஓவியம், அனிமேஷன்: கதாபாத்திரங்கள், பின்னணி, பட்டன்கள்.
- ஒலி: இசை, காலடிச் சத்தம், தோற்றால் வரும் ஓசை.
- ஒருங்கிணைப்பும் சோதனையும்: யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது, தவறுகளைக் கண்டுபிடித்து எழுதி வைப்பது.

சிவில் மாணவருக்குக் கட்டட வரைபடம் தெரியும். மெக்கானிக்கல் மாணவருக்கு முப்பரிமாண மாடலிங் பழக்கம் இருக்கும். தமிழ் இலக்கியம், விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பவர்கள் கதையும் வசனமும் எழுதலாம். பறையோ நாதஸ்வரமோ வாசிக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே மாதிரி இசையைத் தேட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் மட்டுமே இருக்கும் கேம் கிளப்பில், எல்லோரும் கோட் எழுத, கேம் மட்டும் பார்க்க சகிக்காமல் இருக்கும்.

இங்கே இன்னொரு நடைமுறைப் பிரச்சினையும் உண்டு. கிளப் கூட்டம் எத்தனை மணிக்கு? இரவு எட்டு மணிக்குப் பாய்ஸ் ஹாஸ்டல் அறையில் கூடினால், பெண்கள் வர முடியாது. மாலை ஆறு மணிக்கு வைத்தாலும், உசிலம்பட்டிக்கோ பேரையூருக்கோ கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் வர முடியாது. 'ஆர்வம் இல்லை' என்று கணக்கில் வருபவர்களில் பலர் உண்மையில் பஸ்ஸுக்காக ஓடுபவர்கள். மதிய இடைவேளையிலோ சனிக்கிழமை பகலிலோ கூடி, மற்ற பேச்சை ஆன்லைனில் வைத்துக்கொள்ளும் கிளப்பில்தான் எல்லாத் திறமையும் சேரும்.

செலவு எவ்வளவு ஆகும்?

கேம் செய்ய லட்ச ரூபாய் லேப்டாப் வேண்டும் என்பது தவறான எண்ணம். கடோ என்ற கேம் இன்ஜின் முற்றிலும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். அர்ஜென்டினாவைச் சேர்ந்த இருவர் உருவாக்கி, 2014-ல் பொதுவில் வெளியிட்டது அது. இருபரிமாண கேம்களுக்குச் சாதாரண கல்லூரி லேப்டாப்பே போதும். முப்பரிமாண மாடலிங்குக்கு பிளெண்டர் இருக்கிறது. அதுவும் இலவசம்.

பரவலாகப் பயன்படும் யூனிட்டி, அன்ரியல் இரண்டையும் மாணவர்கள் இலவசமாகத் தொடங்கலாம். அன்ரியலில் ஒரு கேமின் மொத்த வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் பங்கு கேட்பார்கள். ஆனால் நிறுவனங்களின் விதிகள் மாறக்கூடியவை. 2023 செப்டம்பரில், கேம் இன்ஸ்டால் ஆகும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்தது. உலகம் முழுக்க டெவலப்பர்கள் கொந்தளித்ததால் ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. ஒரே இன்ஜினை மட்டும் நம்பியிருப்பதில் உள்ள ஆபத்துக்கு இது உதாரணம்.

வெளியிடுவதற்கு?

- இட்ச் தளத்தில் பதிவேற்ற கட்டணம் இல்லை. மாணவர் கேம்களுக்கு ஏற்ற இடம்.
- கூகுள் பிளே ஸ்டோரில் டெவலப்பர் கணக்குக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். 2023 நவம்பருக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதித்த பிறகே பொதுவில் வெளியிட முடியும். ஒரு கிளப்புக்கு 12 பேரைத் திரட்டுவது கடினமே இல்லை.
- ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும்.

பணத்தைவிட அதிகம் இழப்பது கோப்புகளைத்தான். கேமின் ஒரே பிரதி சீனியர் ஒருவரின் லேப்டாப்பில் இருந்து, அவர் படிப்பு முடித்துப் போகும்போது அதுவும் சேர்ந்து போவது பழைய கதை. கிட் என்ற பதிப்பு மேலாண்மை முறையை முதல் நாளிலேயே பழகிவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. ஒரு கோப்பு 100 எம்.பி.யைத் தாண்டினால் கிட்ஹப் ஏற்காது என்பதால், பெரிய படங்களுக்கும் ஒலிகளுக்கும் தனி வசதியைப் பயன்படுத்த வேண்டும். ஐ.டி. நிறுவனங்களில் தினமும் பயன்படும் பழக்கம் இது. கேம் துறைக்கே போகாதவருக்கும் கைகொடுக்கும்.

தமிழில் கேம் செய்ய முடியுமா? 'கொ' ஏன் உடைகிறது?

தமிழ் எழுத்துகளை முதல்முறை திரையில் போடும் மாணவர்கள் அதிர்ச்சி அடைவதுண்டு. 'கொடி' என்று எழுதினால், கொம்பும் காலும் இடம் மாறித் தாறுமாறாகத் தெரியும்.

காரணம் எளிது. 'கெ' என்ற எழுத்தில், கம்ப்யூட்டரின் நினைவகத்தில் 'க' முதலிலும் கொம்பு பிறகும் இருக்கின்றன. ஆனால் திரையில் கொம்பு முதலில் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய எழுத்து வடிவமைக்கும் நிரல் ஒன்று தேவை. யூனிட்டியில் நீண்டகாலமாகப் பயன்பாட்டில் உள்ள டெக்ஸ்ட்மெஷ் புரோவில் அது இல்லாததால் தமிழ் உடைகிறது. கடோவின் 4-ம் பதிப்பில் அந்த வசதி உள்ளேயே இருப்பதால் தமிழ் சரியாக வருகிறது. தமிழ் கேம் செய்ய நினைக்கும் கிளப், இன்ஜினைத் தேர்வு செய்யும் முன்பே ஒரு வரி தமிழை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

'தமிழ்க் கதையை யார் விளையாடுவார்கள்?' என்ற சந்தேகத்துக்கு 2023-ல் பதில் கிடைத்தது. கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்ட 'வெண்பா', 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை. அம்மாவின் பழைய, கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, விட்டுப்போன படிகளை ஊகித்து இட்லி முதல் பல உணவுகளைச் சமைப்பதுதான் விளையாட்டு. 2024-ல் பாஃப்டா கேம்ஸ் விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருதையும், சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசையும் வென்றது. துப்பாக்கி இல்லை, கார் பந்தயம் இல்லை. இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்பதே அங்கே புதிர்.

மதுரைப் பகுதி மாணவர்களுக்கு விதிகள் தயாராக இருக்கும் கேம்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கீழடி அகழாய்வில் பகடையும் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொண்டால், 3 புலிகள், 15 ஆடுகள், 23 புள்ளிகள். இரண்டு தரப்புக்கும் வேறு வேறு பலம், வேறு வேறு இலக்கு. விதிகளை யோசிக்கும் வேலை மிச்சம். ஆனால் கம்ப்யூட்டரே புலியாக விளையாட வேண்டும் என்றால், அந்தக் கோட் எழுதுவது முதலாமாண்டு மாணவருக்குச் சரியான சவால்.

கேம் யாருக்குச் சொந்தம்?

கிளப்புகளில் யாரும் முதலில் பேசாத, கடைசியில் சண்டையில் முடியும் விஷயம் இது. நான்கு பேர் சேர்ந்து செய்த கேமை ஒருவர் மட்டும் தன் பெயரில் பிளே ஸ்டோரில் போட்டுவிட்டால்?

இந்திய பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, கம்ப்யூட்டர் புரோகிராம் ஒரு இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. கோட் எழுதியவருக்குக் கோடிலும், வரைந்தவருக்கு ஓவியத்திலும், இசையமைத்தவருக்கு இசையிலும் உரிமை தானாகவே வந்துவிடும். பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூட இல்லை. 'ஐடியா என்னோடது' என்று சொல்பவருக்கு மட்டும் சிக்கல். வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது.

ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்த படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சொந்தம் என்கிறது சட்டம். மாணவர் கல்லூரியின் ஊழியர் இல்லை. ஆனாலும் கல்லூரிக்கு அறிவுசார் சொத்து விதிகள் இருந்தால், குறிப்பாகக் கல்லூரி நிதியிலோ ஆய்வகத்திலோ செய்த வேலைக்கு, அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்தப் பகுதிக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் வேலை தொடங்கும் முதல் வாரத்திலேயே ஒரு பக்கத் தாளில் நான்கு விஷயங்களை எழுதிக் கையெழுத்திடுவது போதும்: யார் என்ன செய்கிறார், பெயர்கள் எப்படி வரும், பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது, ஒருவர் பாதியில் விலகினால் அவர் செய்ததைப் பயன்படுத்தலாமா.

அதேபோல, ஜாலிக்காகச் சினிமா பாட்டைப் பின்னணியில் போடுவதும் கூடாது. நண்பர்களுக்குக் காட்டும்வரை யாரும் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். வெளியிட்டால் அது உரிமை மீறல். ஏ.ஐ. கருவிகளால் உருவாக்கிய படங்களைப் பயன்படுத்தினால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2024 ஜனவரி முதல் ஸ்டீம் கேட்கிறது.

சரி, வேலை கிடைக்குமா?

பெற்றோரின் உண்மையான கேள்வி இதுதான். இதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் கலவையாகத்தான் இருக்கும்.

இந்தியாவில் பெரிய கேம் ஸ்டுடியோக்கள் பெங்களூரு, ஹைதராபாத், புனே, மும்பை நகரங்களில் அதிகம். மதுரையிலிருந்து போக வேண்டும். உலக அளவில் துறை கடந்த சில ஆண்டுகளாகத் தள்ளாடுகிறது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேமிங் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதம் சோனி பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. சொந்தமாகச் செய்வதும் லேசு இல்லை. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழு 'ராஜி' கேமுக்கு 2017-ல் இணையத்தில் நிதி திரட்டியபோது இலக்கை எட்ட முடியவில்லை. அது வெளிவர 2020 வரை ஆனது.

எனவே 'கேம் கிளப்பில் சேர்ந்தால் கேம் கம்பெனியில் வேலை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. 2030-க்குள் 20 லட்சம் பேர் என்பதும் ஒரு கணிப்பு மட்டுமே. அதுவும் அனிமேஷன், காமிக்ஸ் எல்லாம் சேர்ந்த எண்.

ஆனால் கேம் செய்து முடித்த மாணவரிடம் இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும். 'குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?' என்ற கேள்விக்கு மனப்பாடப் பதில் தேவைப்படாது. குறைந்த நினைவகத்தில் வேகமாக ஓட வைப்பது, வெக்டர் கணிதம், பதிப்பு மேலாண்மை, பயனர் எங்கே குழம்புகிறார் என்று கவனிப்பது எல்லாமே சாதாரண மென்பொருள் வேலைக்கும் தேவைப்படுபவை. கேம் இன்ஜின்கள் சினிமா படப்பிடிப்பிலும், கார் வடிவமைப்பிலும், பயிற்சி சிமுலேட்டர்களிலும் பயன்படுகின்றன.

இதற்கு விலையும் உண்டு. 75 சதவீத வருகைப்பதிவு போனால் தேர்வே எழுத முடியாது. அரியர் விழுந்தால் பல நிறுவனங்களின் வளாக நேர்முகத்தில் உட்காரவே முடியாது. எந்த கேமும் அதைச் சரிக்கட்டாது. செமஸ்டர் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு வேலையை நிறுத்திவைக்கும் வழக்கம் கிளப்பில் இருக்கிறதா என்று கேட்பது தவறில்லை.

நல்ல கிளப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

போஸ்டரையும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சீனியர்களிடம் ஐந்து கேள்விகள் கேட்டால் போதும்.

1. கடந்த ஆண்டு நீங்கள் முடித்த கேம் எது? இப்போது என் போனில் விளையாடலாமா?
2. அதில் எத்தனை பேர் வேலை செய்தார்கள்? அவர்கள் பெயர் எல்லாம் கேமில் இருக்கிறதா?
3. கூட்டம் எப்போது? ஹாஸ்டல் மாணவிகளும் பஸ்ஸில் வருபவர்களும் கலந்துகொள்ள முடிகிறதா?
4. கோப்புகள் எங்கே இருக்கின்றன? போன பேட்ச் செய்ததை இப்போது திறக்க முடியுமா?
5. முதலாமாண்டு மாணவருக்கு முதல் மூன்று மாதம் என்ன வேலை?

முதல் கேள்விக்கே தெளிவான பதில் இல்லையென்றால் யோசிக்க வேண்டும். 'பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம் ஒன்று மூன்று வருஷமா பண்ணிட்டு இருக்கோம்' என்பது பதிலாக வந்தால், அது முடியாது என்றே எடுத்துக்கொள்ளலாம். 'சின்னதுதான், பத்து நிமிஷ கேம், இந்தாங்க' என்று ஒருவர் போனை நீட்டினால், அந்த கிளப்பில் கற்க விஷயம் இருக்கிறது.

கல்லூரியில் இப்படி ஒரு கிளப்பே இல்லையென்றால்? நான்கு பேர் போதும். கோட் எழுத ஒருவர், வரைய ஒருவர், ஒலிக்கு ஒருவர், ஒருங்கிணைக்க ஒருவர். ஒரு பேராசிரியரிடம் பேசி வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆய்வகத்தைக் கேட்கலாம். முதல் மாதம் ஆடுபுலி ஆட்டம் போன்ற, விதிகள் தெரிந்த ஒன்றை மட்டும் செய்து முடிக்கலாம். முடித்ததை இணையத்தில் ஏற்றி, லிங்க்கை வகுப்புக் குழுவில் போடலாம்.

வீட்டிலும் அதையே செய்யலாம். 'கேம் விளையாடவா படிக்க வைக்கிறோம்?' என்று கேட்ட அம்மாவிடமோ அப்பாவிடமோ நீண்ட விளக்கம் தேவையில்லை. போனைக் கையில் கொடுத்து, "இதுல ஆடு நீங்க, புலி கம்ப்யூட்டர். இந்த கோட் நான் எழுதினது" என்று சொன்னால் போதும். ஆடுபுலியில் அவர்கள் ஜெயிக்கவும் வாய்ப்பு இருக்கிறது.